மரம் வைக்க ஒரு காணி

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் விளம்பரப் பகுதியை நேயர்கள் அலட்சியமாகப் புரட்டிவிடக் கூடாது. கதைப் பகுதியில் உள்ளதைக் காட்டிலும் அதில்தான் கற்பனை அதிகம். "சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பிரயாணம், சிறிய புல்வெளி, அதை ஒட்டிச் சிறு தோப்பு, நல்ல மண், நல்ல தண்ணீர், மரம் வளர்க்க மிகவும் ஏற்றது" என்று நாலு வரியில் ஒரு விளம்பரம் வந்தால் போதும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு, ஜன்னல் விளிம்பில் ஒரு துளசித் தொட்டிக்கு இடமில்லாமல் தவிக்கும் குடும்பத்தலைவர்களுக்கு அன்று பகல் தூக்கம் போய்விடுகிறது. கண்ணை மூடினால் மாமரமும் பலாமரமும் வரிசை வரிசையாக நிற்கின்றன.

இந்த ஆசையைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமல்ல. பாரதியாரே பராசக்தியிடம் ஒரு காணி நிலம் கேட்டவர்தான். காணி என்பது 1.32 ஏக்கரா, சென்னைவாசிகளுக்குப் புரியும்படி சொன்னால் 24 கிரவுண்டு. அதில் ஒரு மாளிகை, ஒரு கேணி, ஒரு டஜன் தென்னை என்று கவிஞர் கணக்காகத்தான் கேட்டார். ஆனால் வேலிக்கு என்ன செலவு, பக்கத்து ஊர் ஆடுகளுக்கு என்ன சமாதானம், பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையெல்லாம் பராசக்தியின் பொறுப்பிலேயே விட்டுவிட்டார். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வசதி இல்லையாகையால், விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

நமது நகரத்திலேயே, தோப்பும் துரவுமாய் விலைக்கு வந்த ஒரு நிலத்தின் சரித்திரம் இருக்கிறது. 1882-ஆம் வருஷம் மே மாதத்தில் கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் பிரம்மஞான சபைக்கு ஒரு நிரந்தர ஸ்தலம் தேடிக்கொண்டு சென்னையில் இருந்தார்கள். அடையாற்றின் தென்கரையில், ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில், ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கரா விலைக்கு வந்திருப்பதாகச் சென்னை அன்பர்கள் அவர்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். பார்த்த மாத்திரத்தில் இதுதான் நமது வீடு என்று இருவருக்கும் தோன்றிவிட்டதாம். விலை சுமார் ஒன்பதினாயிரம் ரூபாய்! மாளிகையை இடித்துக் கல்லையும் மரத்தையும் விற்றால் கிடைக்கக்கூடிய தொகைதான் அது என்று கர்னல் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவு மலிவாக ஏன் கிடைத்தது? இதற்கு அவர் சொல்லும் காரணம் வெகு ரஸமானது. நீலகிரி மலை அடிவாரம் வரையில் ரயில் போட்டாகிவிட்டது. கவர்னரும் பெரிய உத்தியோகஸ்தர்களும் வருஷத்தில் பாதி நாள் உதகமண்டலத்தில் வாசம் செய்ய ஆரம்பித்தார்கள். இதனால் சென்னையிலிருந்த பெரிய பங்களாக்களை வாங்க ஆளில்லாமல் போயிற்று. யாரோ மலைக்கு ரயில் போட்டதில், கடற்கரையில் ஒரு தோட்டத்தின் விலை விழுந்தது! நிலத்தின் விலை நிலத்துக்குள்ளே இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இன்று செய்யூர்ப் பக்கமும் மதுராந்தகம் பக்கமும் ஒரு ஏக்கரா என்ன விலை போகிறது என்பதும், அங்கே விளையும் நெல்லையும் மணிலாக்கொட்டையையும் பொறுத்ததல்ல. எந்தச் சாலை எங்கே வரப் போகிறது என்ற வதந்தியைப் பொறுத்தது.

அந்த வருஷம் டிசம்பரில் குடியேறினார்கள். பிறகு 1907 முதல் 1933 வரையில் அன்னி பெஸண்ட் அம்மையார் தலைவியாயிருந்த காலத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. இப்போது ஏறக்குறைய 260 ஏக்கரா. அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தைப் பாராத சென்னைக் குடும்பம் இருக்க முடியாது. அதன் நிழலில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டிருக்கிறார்கள். 1989-ல் அடித்த பெருங்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. இன்று நாம் காண்பதெல்லாம் விழுதுகள்தான். ஆயினும் மரம் இருக்கிறது.

இந்த 260 ஏக்கரா இன்றைக்கும் காடாக நிற்பதற்குக் காரணம், அங்கே செடி வைத்தவர்களின் சாமர்த்தியம் மட்டுமல்ல. வாங்கியவர்கள் பிறகு விற்கவில்லை என்பதே முக்கியக் காரணம். ஆற்றுக்கு வடக்கே நடந்ததைப் பாருங்கள். மாம்பலத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை நீண்ட ஏரி என்று அழைத்தார்கள். 1920-களில் அந்த ஏரியின் நீரை வடித்து, மனை மனையாய்ப் பிரித்து, தியாகராய நகரம் என்று பெயர் வைத்தார்கள். ஏரி இருந்ததற்கு அடையாளமாக ஏரிக்கரைச் சாலை என்ற பேர் மட்டும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பனகல் பூங்காவில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பவர்கள், பழைய கணக்குப்படி தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு அது ஞாபகம் வந்துவிடுகிறது.

"அடையாற்றில் மரம் முன்பே இருந்ததே, வெறும் தரையில் என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் அருகிலேயே இருக்கிறது. ஸ்ரீமதி ருக்மிணி தேவி 1936-ல் அடையாற்றில் ஆரம்பித்த கலாக்ஷேத்திரம், 1962-ல் திருவான்மியூரில் தன் சொந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுமார் நூறு ஏக்கரா இடம். கடற்கரை ஓரத்து வெறும் மணல். வெயிலில் செருப்பில்லாமல் காலை வைக்க முடியாத பூமி. இன்று அங்கே போனால், நாட்டிய வகுப்பு நடக்கும் குடிலுக்கும் அடுத்த குடிலுக்கும் இடையே மர நிழலில்தான் நடந்து போக வேண்டும். பரத நாட்டியத்துக்கு அந்த அம்மாள் செய்த சேவையைப் பற்றிப் புத்தகம் புத்தகமாய் எழுதியிருக்கிறார்கள். மணலில் மரம் வளர்த்த சேவையைப் பற்றி யாராவது ஒரு நல்ல அத்தியாயமாவது எழுதவேண்டும்.

மணல் நிலத்தில் எது வரும் என்பதற்கு நமது முன்னோர்கள் கோயிலில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம் புன்னை. திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலில் வன்னி. புன்னை உப்புக் காற்றுக்கு அஞ்சாதது. அதன் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய்தான் ஒரு காலத்தில் விளக்கெரித்தது. வன்னியோ தண்ணீரே இல்லாவிட்டாலும் பிடிவாதமாக நிற்கும். அம்பிகை மயில் உருவில் புன்னையடியில் பூஜை செய்த கதையைக் கேட்டு நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வீட்டு வாசலில் செடி வைக்கும்போது மட்டும் எங்கோ தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரத்தைத் தேடி ஓடுகிறோம்.

நிற்க. விளம்பரத்தில் "சிறிய புல்வெளி" என்று ஒரு சொல் இருந்ததல்லவா? அதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாய்ப் பேச வேண்டியிருக்கிறது. புல்வெளி என்றால் காலி இடம், காலி இடம் என்றால் மரம் வைக்கக் காத்துக்கொண்டிருக்கும் இடம் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். இது பெரிய தப்பு அபிப்பிராயம்.

கிண்டிக்குப் போவோம். 1821-ல் கவர்னரின் வாசத்துக்காகச் சர்க்கார் வாங்கிய மாளிகையையும் அதைச் சுற்றிய காட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தது போக, மிஞ்சியிருப்பது 270 ஹெக்டேர். 1978-ல் அதைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அதற்குள் போலோ மைதானம் என்று ஒரு புல்வெளி உண்டு. அங்கேதான் முறுக்குக் கொம்புள்ள கரிய மான் மேயும். அந்த மானுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? வெளிமான். வெளியில் வாழ்வதனால் வெளிமான். நாலு பக்கமும் பார்வை எட்ட வேண்டும். எதிரியைக் கண்டால் தாவி ஓட இடம் வேண்டும். மரமும் புதரும் புல்வெளியை நெருங்க நெருங்க, அந்த மான் ஒடுங்கிப் போகிறது. மர நிழலை விரும்பும் புள்ளிமான் பெருகுகிறது. கிண்டியில் நடந்து வருவது அதுதான். பெயரிலேயே விஷயத்தைச் சொல்லி வைத்த தமிழனின் பேரன், புல்வெளியில் மரக்கன்று நட்டுவிட்டுப் பிராணிகளுக்கு உபகாரம் செய்ததாகப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறான்.

நீலகிரியில் நடந்தது இதைவிடப் பெரிய அனர்த்தம். மலை உச்சியில் பரந்த புல்வெளியும், பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும் என்று இயற்கை அமைத்திருந்தது. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் சிறுகச் சிறுக வெளியே விடும் வேலையை அந்தப் புல்லும் சோலையும் பங்கு போட்டுச் செய்து வந்தன. வெள்ளைக்காரர்கள் வந்து, இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே என்று பரிதாபப்பட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு நாமும் சும்மா இருக்கவில்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும், செயற்கைப் பட்டுக்குக் கூழ் வேண்டும் என்று மலை மலையாய் அவற்றையே நட்டோம். ஊற்றுகள் வற்றின. இப்போது ஐகோர்ட்டு உத்தரவு போட்டு, அதே மரங்களைச் சர்க்கார் செலவில் வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறார்கள். நடுவதற்கு ஒரு செலவு, பிடுங்குவதற்கு ஒரு செலவு.

ஆகவே, வாங்கப் போகிற இடத்தில் புல் இருந்தால், அது எத்தனை காலமாய்ப் புல்லாயிருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். மரத்தை வெட்டியதால் புல் முளைத்த இடமா, அல்லது என்றைக்குமே புல்லாக இருந்த இடமா? முன்னதானால் மரம் வைப்பது நியாயம். பின்னதானால், ஓரத்தில் வரப்பின் மேல் நாலு பனை வைத்துவிட்டு நடுவிடத்தைக் கௌதாரிகளுக்கு விட்டுவிடுவதே உத்தமம்.

புல்வெளிக்கு இன்னொரு சொந்தக்காரரும் உண்டு. மயிலாப்பூர்க் கச்சேரி ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், போன வருஷம் செய்யூர்த் தாலுகாவில் ஓர் இடம் பார்க்கப் போனார். நாமும் கூடப் போயிருந்தோம். புரோக்கர் கையை வீசிக் காட்டியது நாலு ஏக்கரா. ஒரு பக்கம் பசும் புல். மறு பக்கம் வேம்பும் நுணாவும் ஈச்சமும் கலந்த சிறு காடு. நண்பர் மனத்தில் மாமரங்கள் பூத்துவிட்டன. அப்போது பத்துப் பன்னிரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு கிழவி வந்தாள்.

"ஐயா, வேலி போடப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம் பாட்டி, மரம் வைக்கப் போகிறோம். ஊருக்கும் நல்லதுதானே?" என்றார் நண்பர்.

"மரம் வைங்க, நல்லதுதான். எங்க ஆடுங்களுக்கு எந்தப் பக்கம் வழி விடுவீங்க? அதைச் சொல்லுங்க."

புரோக்கர் அவளை அதட்டப் போனார். நண்பர் சாது, புரோக்கரைத் தடுத்துவிட்டு, கிராம நிர்வாக அதிகாரியிடம் போய் ஏ-பதிவேட்டைப் பார்த்தார். பட்டாவில் இருந்தது இரண்டரை ஏக்கராதான். அழகான புல்வெளி ஒன்றரை ஏக்கரா, "மேய்க்கால் புறம்போக்கு" என்று தெளிவாக எழுதியிருந்தது. அதாவது ஊர் மாடும் ஆடும் மேய்வதற்கென்று ஒதுக்கப்பட்ட பொது நிலம். அதை விற்க யாருக்கும் உரிமை கிடையாது. வாங்கினாலும் நிலைக்காது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு, நாடெங்கும் கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊரிடமே திருப்பிக் கொடுக்க ராஜ்யங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. சென்னையிலிருந்து போய் நல்ல எண்ணத்தோடு மரம் வைத்தாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புத்தான்.

நண்பர் கடைசியில் இரண்டரை ஏக்கராவுக்கு மட்டும் விலை பேசி வாங்கினார்; வடக்கு ஓரத்தில் ஒரு வண்டிப் பாதை அகலத்துக்கு இடம் விட்டுத்தான் வேலி போட்டிருக்கிறார். வேலியைக் கட்டிக் காப்பதைவிட அந்தப் பாதை மலிவு என்பது அவருடைய கணக்கு. ஊரார் பகை இருந்தால் எந்த முள்வேலியும் ஒரு கோடையைத் தாண்டாது.

பத்திர விஷயத்தில் இன்னும் சில வார்த்தை. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர்களும் விவசாய நிலம் வாங்கலாம். பக்கத்துக் கர்நாடகத்தில் 2020 வரையில் அதற்குத் தடை இருந்தது. ஆகவே நமக்குச் சட்டம் சுலபம். அதனாலேயே ஏமாறுவதும் சுலபம். வில்லங்கச் சான்று எல்லோரும் வாங்குகிறார்கள். அதோடு பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் பார்த்து, புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரை விட்டு அளக்கச் சொல்ல வேண்டும். அடங்கலில் அந்த நிலத்தில் என்ன மரம் இருக்கிறது, என்ன பயிர் இருந்தது என்று எழுதியிருக்கும். புரோக்கரின் வர்ணனையைவிட அது நம்பத்தக்கது. நிலத்துக்குப் போகும் வழி யாருடையது என்று கேட்காதவர்கள், வாங்கிய பிறகு தங்கள் தோப்பை அடுத்தவர் வரப்பிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

தோப்பு என்று சொல்லிக் காட்டை விற்பதும் உண்டு. 1949-ல் சென்னை மாகாண சர்க்கார் தனியார் காடுகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜமீன்தார்கள், ஜமீன் பறிபோவதற்கு முன்னால் காட்டையெல்லாம் வெட்டிக் காசாக்கிவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்த சட்டம் அது. இன்னும் அமுலில் இருக்கிறது. அதன்கீழ் வரும் காட்டை, கலெக்டர் தலைமையிலுள்ள கமிட்டியின் அநுமதியில்லாமல் விற்கவும் கூடாது. மரம் வெட்டவும் கூடாது. மலையடிவாரத்தில் நிலம் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். சந்தன மரத்தை நம் நிலத்தில் நாமே வளர்க்கலாம். ஆனால் வெட்டி விற்பது வனத்துறையின் மூலமாகத்தான். பனையை வெட்டவும் கலெக்டர் அநுமதி தேவை என்று 2021-ல் அறிவித்திருக்கிறார்கள். நமது ராஜ்யத்தின் மரமல்லவா!

இனி, மரத்தால் பணம் சம்பாதிக்க நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1990-களில் சென்னையில் தேக்கு ஜுரம் ஒன்று பரவியது. கண்ணால் காணாத ஒரு தேக்குக் கன்றுக்கு இன்று சில ஆயிரம் கட்டினால், இருபது வருஷத்தில் பெண்ணின் கலியாணத்துக்கு லக்ஷக்கணக்கில் வரும் என்று பக்கம் பக்கமாய் விளம்பரங்கள். அநுபவ் பிளாண்டேஷன்ஸ் என்ற சென்னைக் கம்பெனி அவற்றுள் பிரசித்தமானது. 1998-ல் அது கவிழ்ந்தது. பென்ஷன் பணத்தையும் நகை விற்ற பணத்தையும் போட்ட மத்தியதரக் குடும்பங்கள் கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்காய் நின்றன. 1999-ல் செபி என்னும் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் இம்மாதிரித் திட்டங்களுக்கு விதிகள் வகுத்தது. குதிரை ஓடிய பிறகு லாயத்துக்குப் பூட்டு.

கேரளத்தில் நிலாம்பூரில் 1840-களில் நட்ட தேக்குத் தோட்டத்தில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. அந்த மரங்களைப் பார்த்தால் தேக்குக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது விளங்கும். வைரம் பாய்ந்த தேக்கு ஐம்பது, அறுபது வருஷத்து விவகாரம். ஆற்றோரத்து ஆழமான வண்டல் மண் வேண்டும். செம்மண் மேட்டில் இருபது வருஷத்தில் விளைந்த தேக்கு, கதவுக்கு வராது. கதவைத் தாங்கும் முட்டுக் கட்டைக்கு வரலாம். விரைவில் பணம் வேண்டுமென்றால் சவுக்குதான் ஒழுங்கான வழி. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி இக்கரைக்குப் பரவிய மரம் அது. நாலைந்து வருஷத்தில் வெட்டலாம். கடற்கரை மணலில் நன்றாய் வரும். ஆனால் அதைத் தோப்பு என்று சொல்வதைவிடப் பயிர் என்று சொல்வதே பொருத்தம். அதனடியில் புல் முளைப்பதும் அபூர்வம்.

பணத்துக்காக அல்ல, மரத்துக்காகவே மரம் வைக்க விரும்புகிறவர்களிடம்தான் நமக்குப் பேச அதிகம் இருக்கிறது. சென்னைச் செங்கற்பட்டுச் சீமையின் இயற்கையான காடு, கோடையிலும் இலை உதிராத குட்டையான அடர்ந்த காடு. உலர் பசுமைமாறாக் காடு என்று பண்டிதர்கள் சொல்கிறார்கள். இது சோழமண்டலக் கரையோரத்தில் பெரும்பாலும் அழிந்துவிட்டது; ஐயனார் தயவினால் கோயில் காடுகளில் மட்டும் மிச்சம் இருக்கிறது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் வண்டியை நிறுத்தி இறங்கினால் அந்தக் காட்டைப் பார்க்கலாம். வீரை, உலக்கைப் பாலை, காசா, கருங்காலி, மகிழம், நறுவிலி என்று அதன் மரங்களின் பேரைச் சொன்னாலே வாய் மணக்கும். இவை மெதுவாகத்தான் வளரும். பழம் இருப்பதால் பட்சிகள் தாமே வந்து விதை போட்டுக் கொடுக்கும். ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு குடியேறியவர்கள் மொட்டைச் செம்மண் மேட்டில் முதலில் செய்த வேலை, மழைத் தண்ணீர் ஓடிப் போகாமல் வரப்புப் போட்டது. முதலில் சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்களை வைத்து நிழல் உண்டாக்கிக்கொண்டு, பிறகே இந்த நாட்டு மரங்களை உள்ளே கொண்டுவந்தார்கள்.

நமக்குப் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. ஆகவே ஆனி, ஆடியில் விழா எடுத்து மாலை மரியாதையுடன் கன்று நடுகிறவர்கள் அதன் ஆயுளைத் தாங்களே குறைக்கிறார்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால், தை மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். ஆனாலும் முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் விட்டே தீரவேண்டும். பத்தடிக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு காணிக்கு 576 கன்று. வாங்குவது எளிது, பங்குனி வெயிலில் 576 இடத்தில் குடம் கவிழ்க்க ஆள் எங்கே என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அறுபது வைத்து ஐம்பதைக் காப்பாற்றியவர்தான் கெட்டிக்காரர். வேலிக்குக் கம்பி வாங்குவதோடு, கிளுவைப் போத்தும் நொச்சியும் ஆடாதொடையும் ஊன்றி வைத்தால், கம்பி துருப்பிடிக்கும் காலத்தில் உயிர்வேலி தயாராயிருக்கும். ஆடாதொடை என்ற பேருக்கே ஆடு தொடாது என்றுதான் அர்த்தம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்க வேண்டாம். வேடந்தாங்கல் ஏரியில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகிறதே, அந்த நீர்க்கடம்பை அங்கே வைக்கலாம்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்னையின்மீது அடித்தபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் விழுந்தன. அடையாற்றுத் தோட்டமும் கிண்டிக் காடும் அடையாளம் தெரியாமல் போயின. தெருக்களில் விழுந்தவற்றுள் அழகுக்காக வைத்த தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் மயில்கொன்றையுமே அதிகம். சிமெண்டுக்கு நடுவில் வேரைக் குறுக்கி வளர்த்தால் எந்த மரந்தான் நிற்கும் என்று மரத்தின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் புயல் வரும் கரையில் இருக்கிறவர்கள், மேலே எவ்வளவு பூக்கிறது என்பதோடு கீழே எவ்வளவு ஊன்றுகிறது என்றும் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இத்தனையும் படித்துவிட்டு, "எங்களுக்குக் காணியும் இல்லை, காணி வாங்கப் பணமும் இல்லை" என்று சொல்லும் வாசகர்கள்தான் அநேகமாயிருப்பார்கள். அவர்கள் கோட்டூர்புரத்துக்கு ஒரு நாள் மாலை போய் வரலாம். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த சர்க்கார் இடம் ஒன்றை, 2006 முதல் "நிழல்" என்ற அமைப்பின் தொண்டர்கள் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு சுத்தம் செய்து, நாட்டு மரங்களாகப் பார்த்து நட்டிருக்கிறார்கள். ஒரு சென்ட்டுக்குக்கூட யார் பேரிலும் பட்டா கிடையாது. மரப் பூங்கா என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இலையைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தின் பேரைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாமார்களுக்கும் அங்கே களை பறிக்கவும் தண்ணீர் ஊற்றவும் வேலை இருக்கிறது. காலுக்குச் செருப்பும் தலைக்குத் துண்டும் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.